சந்நிதிக்கு நேர்ந்த குஞ்சு

எனக்குக் கோழியைப் பிடிக்காது. அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. தலையைச் சரித்து ஒற்றைக் கண்ணால் அது பார்க்கிற பார்வை, சம்பந்தம் பேச வந்து குறை பிடிக்கிறவர்களின் பார்வை. அப்படிப்பட்ட நான் ஒரு சோளகக் காற்றுக் காலம் முழுவதும் ஒரு கோழிக்குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு நடுங்கியிருக்கிறேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்திருந்தால் அவர்களுக்கும் சிரிப்பு வந்திராது.

அறுபதுகளின் தொடக்கம் அது. கலியாணமாகித் தொண்டைமானாற்றுக்கு வந்து எனக்கு ஒரு வருடம்கூட நிறையவில்லை. நான் பிறந்ததும் கடற்கரை ஊரில்தான் என்றாலும் என் அப்பா கடை வைத்திருந்தவர். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை கடல் என்பது காலையில் ஒரு பனையோலைக் கடகத்தில் வாசலுக்கு வருவது. பேரம் பேசி வாங்கிக் குழம்பு வைப்பதோடு அதன் கதை முடிந்துவிடும். வீட்டு ஆண் கடலில் நிற்கும்போது பெண்கள் எப்படிச் சோறு தின்கிறார்கள், எப்படித் தலை வாருகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு ஊர் ஆண்களில் பாதிப்பேர் வலைகளையும் பாய்களையும் அரிசி மூட்டைகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக் கரைக்குப் போய்விடுவார்கள். அங்கே ஓலைக் கிடுகால் கொட்டில் போட்டுத் தங்குவார்கள். அதற்கு வாடி என்று பெயர். சோளகக் காற்று வீசுகிற மாதங்களெல்லாம் அந்தக் கரையில்தான் தொழில். ஆவணியில் சந்நிதி முருகன் திருவிழாவுக்குத்தான் திரும்புவார்கள். இடையில் செய்தி என்றால் அது மீன் லொறிக்காரரின் வாயால் வருவதுதான். அந்த வருடம் என் கணவரும் போனார். வீட்டில் நானும் அவருடைய தாயான மாமியும் மட்டும் மிஞ்சினோம்.

மாமியின் கணவரும் ஒரு சோளகத்தில் அதே கரைக்குப் போனவர். திரும்பி வரவில்லை. அதை எனக்குச் சொன்னது ஊர். மாமி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. நெடிய, எலும்பான மனுஷி. பேச்சுக் குறைவு, பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. உண்மையைச் சொன்னால் எனக்கு அவரிடம் பயம்.

லொறி வந்து நின்ற காலையில் நான் குசினிக்குள் அடுப்பருகே இருந்து, அவர் வழியில் தின்னப் புழுக்கொடியலைத் துணியில் கட்டிக்கொண்டே அழுதுகொண்டிருந்தேன். மாமி வெளியே வளவில் கோழிக்குஞ்சுகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். மகன் பயணம் போகிற நேரத்தில் இந்த மனுஷிக்கு இதென்ன விளையாட்டு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அடைகாத்துப் பொரித்து ஒரு மாதம் ஆன குஞ்சுகள். அதில் கொண்டை சிவக்கத் தொடங்கியிருந்த ஒன்றைப் பிடித்து வந்து, மகனின் தலையைச் சுற்றி, கோயில் பக்கம் திரும்பி நின்று உரக்கச் சொன்னார்.

"முருகா, இவன் போன மாதிரித் திரும்பி வரவேணும். வந்தால் இந்தச் சேவலைக் கொண்டுவந்து உன்ரை வீதியிலை விடுறன்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. நேர்ந்த சேவலை வெட்டுவதில்லை. கோயில் வீதியில் உயிரோடு விட்டுவிட்டு வருவார்கள். நேர்ந்ததை மாற்றக் கூடாது, விற்கக் கூடாது, மறந்தும் சட்டியில் போடக் கூடாது. மற்றக் கோழிகளோடு கலந்துபோகாமல் இருக்க மஞ்சள் பூசிய நூலைக் காலில் கட்டிவிடுவார்கள். மாமியும் கட்டினார். மெல்லிய கால், நூல் வழுக்கிக்கொண்டு பாதத்தில் விழுந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான். லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார், நான் வாசலுக்கு ஓடினேன்.

வைகாசி பிறந்தது. ஒருநாள் காலை நான் குறுணல் போட்டபோது எல்லாக் குஞ்சுகளும் ஓடிவந்தன. கொண்டை சிவந்தது மட்டும் வேலியோரத்தில் குந்திக்கொண்டிருந்தது. பிறகு எழும்பியது. கொஞ்சம் நடந்து, இடப்பக்கம் சரிந்து, செட்டையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றது. மறுபடி எழும்பி, நேரே வர நினைத்து வட்டமாகச் சுற்றிப்போய், முகம் குப்புற விழுந்தது. கள்ளுத் தவறணையிலிருந்து வீட்டுக்கு வழி தேடுகிறவரின் நடை. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"மாமி, உங்கடை சேவல் வெறியிலை நிக்குது!"

மாமி குசினியிலிருந்து வந்து பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சிரியாதை பிள்ளை. அது அவனுக்கு நேர்ந்தது."

நான் நாலெழுத்துப் படித்தவள். பல்லி சொன்னது, பூனை குறுக்கே போனது என்று யாராவது தொடங்கினால் நக்கலடிக்கிறவள். அன்றைக்கும் நக்கலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வாய்க்கு வந்தது, ஆனால் வயிறு கேட்கவில்லை. அங்கே கடலில் அவர், இங்கே வேலியோரம் விழுந்து கிடக்கிற குஞ்சு. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓடிப்போய் அதைத் தூக்கினேன். என் கையில் அதன் இதயம் அடித்த வேகத்தைவிட என்னுடையது வேகமாக அடித்தது.

அன்றிலிருந்து நான் அதைப் பிரித்து வைத்தேன். பிரிக்காமல் முடியாது, விழுகிற குஞ்சை மற்றவை கொத்தும், பெற்ற தாயே கொத்தும். விறாந்தை மூலையில் ஒரு பழைய கடகம், அதற்குள் மணல், மணலுக்கு மேல் தேங்காய்த் தும்பு. அதற்கு அரைத்த குரக்கன் தானியம், அவித்த முட்டையின் மஞ்சட்கரு, அரிந்த முருங்கையிலை, பட்ட பனங்குற்றியை உடைத்துப் பொறுக்கிய கறையான் எல்லாம் கொடுத்தேன். என் வாய்க்கு நான் அப்படிப் பார்த்துப் பார்த்துச் சமைத்ததில்லை. மாமி காலுக்கு வேப்பெண்ணெய் பூசி நீவிவிடுவார், உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பார். அது 'கீச்' என்று கத்தும்போதெல்லாம் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேறு எங்காவது பார்ப்போம்.

அயல்வீட்டு அக்காவின் கணவரும் என் கணவரும் ஒரே வாடியில், ஒரே வள்ளத்தில் தொழில் செய்தார்கள். அக்கா எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவள். வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, கடகத்துக்குள் கிடந்ததைப் பார்த்தாள்.

"உதுக்கேன் இவ்வளவு பாடு? நூலை வேறை குஞ்சுக்கு மாத்திக் கட்டிவிடு. முருகன் எத்தினை சேவலைப் பாக்கிறவர், இதையோ குனிஞ்சு பாக்கப் போறார்?"

அதைக் கேட்டுக்கொண்டே மாமி பின்னால் வந்தார்.

"குனிஞ்சு பாப்பார். இது என்ரை சேவல் எண்டு அவருக்குத் தெரியும்."

"அப்ப நொண்டியைக் கொண்டுபோய் விடுவியளோ? ஊனமானது சாமிக்கு ஆகாதே." அக்கா சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று ஓடிப்போனாள். மாற்றவும் கூடாது, நொண்டியாகக் கொடுக்கவும் கூடாது, சாகவிடவும் கூடாது. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். எங்களுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் கொள்ளியாக இருந்தது.

நாள் போகப் போக நிலைமை மோசமானது. படுத்தே கிடந்ததால் நெஞ்சுப் பக்கம் சிறகு உதிர்ந்து தோல் சிவந்தது. ஒரு பழைய வலைத்துண்டை எடுத்து, சின்ன மர வாங்கைக் கவிழ்த்து வைத்து, அதன் நாலு காலிலும் இழுத்துக் கட்டினேன். குஞ்சை அதில் இருத்தி இரண்டு கால்களையும் வலைக்கண்ணுக்குள்ளால் கீழே விட்டால், பாரம் வலையில் நிற்கும், பாதம் நிலத்தில் முட்டும். வலப் பாதம் நிலத்தைத் தேடிப் பிடித்து ஊன்றியது. இடப் பாதம் விரல்களைச் சுருட்டிக்கொண்டு சும்மா தொங்கியது. நான் பக்கத்தில் குந்தியிருந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். வானத்தில் பிராந்து வட்டமிட்டால் துள்ளி எழும்பி ஏசுவேன். அந்த நாட்களில் எனக்குக் காகத்தைக் கண்டால் பயம், கீரியைக் கண்டால் பயம், காற்றுக் கொஞ்சம் பலமாக அடித்தால் பெரிய பயம்.

காற்றுப் பலமாகத்தான் அடித்தது. முல்லைத்தீவுக் கரையில் சோளகமும் கச்சானும் நிலத்திலிருந்து கடலுக்குள் வீசுகிற காற்றுகள். மீறிப்போனால் வள்ளத்தைக் கரைக்கு வரவிடாமல் வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். இதை எனக்கு விளக்கிச் சொன்னதே என் கணவர்தான், ஏதோ வேடிக்கைக் கதை சொல்வது போல. ஒருநாள் முற்பகல் மீன் லொறி வந்து நின்றதும் பெண்கள் எல்லாரும் சந்தியில் கூடினோம். லொறிக்காரர் இறங்கி, வழக்கம்போலப் பகிடி விடாமல், தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு வள்ளம் இன்னும் கரைக்கு வரேல்லை. கச்சான் வெளியிலை தள்ளிப்போட்டுதாம். எங்கடை ஆக்களின்ரை எண்டுதான் கதைக்கினம். ஆற்றை எண்டு எனக்குச் சரியாத் தெரியேல்லை."

யாருடையது என்று கேட்டு எல்லாப் பெண்களும் ஒரேயடியாகச் சத்தம் போட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. மாமி ஒன்றும் கேட்காமல் திரும்பி வீட்டை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் குஞ்சைத்தான் முதலில் பார்த்தேன். வலையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கண் மூடிக் கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்தேன். தொட்டேன், கண் திறந்தது. மடியில் எடுத்து வைத்து இடக் காலை மேலிருந்து கீழாகத் தடவினேன். இத்தனை நாளும் எண்ணெய் பூசி நீவியது மாமிதான். அதுவும் மூட்டுக்குக் கீழே. நான் மேலே தொடைப் பக்கம் சிறகை விலக்கிப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. விரலில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. காலைச் சுற்றி வளையமாக ஒரு பள்ளம். மேலே வீங்கியிருந்தது, கீழே குளிர்ந்திருந்தது. பள்ளத்துக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

"மாமி, இஞ்சை நூல் கிடக்கு."

"கிடக்கத்தானே வேணும். கீழை கட்ட வழுக்கி வழுக்கி விழுந்துது. போற நேரத்திலை நூல் விழுறது நல்லதில்லை எண்டு மேலை இறுக்கிக் கட்டினனான்."

"இறைச்சிக்குள்ளை போட்டுது. இதுதான் காலைச் சாகடிக்குது."

"விசர்க்கதை கதையாதை. காப்புக்குக் கட்டின நூல் காலை முறிக்குமோ?"

"குஞ்சு வளரும் எண்டு நூலுக்குத் தெரியாது, மாமி."

மாமி பக்கத்தில் வந்து குந்திப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. நான் எழும்பிப்போய் என் கணவர் சவரம் செய்து விட்டுப்போன பிளேட்டையும் ஒரு தையல் ஊசியையும் எடுத்துவந்தேன். மாமி என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். அந்த எலும்புக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"தொடாதை. நூல் அறுந்தால் நேர்த்தி அறுந்துது. அவன் இப்ப எந்தத் தண்ணியிலை கிடக்கிறானோ தெரியேல்லை. இந்த நேரத்திலையோ அறுக்கப் போறாய்?"

"அறுக்காட்டி இது செத்துப்போகும். செத்தாப் பிறகு நேர்த்தி எங்கை இருக்கும்?"

மாமி என் கையை விடவில்லை. குஞ்சையே பார்த்துக்கொண்டு, நான் கேட்காத ஒன்றைச் சொன்னார்.

"இவன்ரை தகப்பன் போனபோது நான் ஒண்டும் நேரேல்லை. அண்டைக்கு இவனுக்குக் காய்ச்சல். இவனை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்திட்டன். அவையள் பாய் விரிச்ச பிறகுதான் நினைவு வந்தது. பிறகு நேருவம் எண்டு விட்டிட்டன், பிள்ளை."

அந்த வீட்டில் அவருடைய குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான். அதுவரை எனக்கு அவரிடம் இருந்த பயம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அதற்குப் பதிலாக அவருடைய பயம் முழுவதும் எனக்குள் வந்து குடியேறியது. வாயால் எத்தனை வீரம் பேசுகிறவளாக இருந்தாலும், அந்த நூலில் என் கணவரின் உயிர் இல்லை என்று அந்த நேரத்தில் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் மடியில் கிடந்தது செத்துக்கொண்டிருந்தது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை.

"நான் அறுக்கிறன்," என்றேன். "குற்றம் எண்டால் என்ரை தலையிலை விழட்டும். அவருக்கு வேண்டாம்."

"வாயைக் கழுவு! நீ வாழுற பிள்ளை. கொண்டா பிளேட்டை. கட்டினது நான், நானே அறுக்கிறன். விழுறது இந்தக் கட்டையிலை விழட்டும்."

"உங்களுக்கு ஊசிக் கண்ணே தெரியாது. நூலை விட்டிட்டுக் காலை அறுத்துப்போடுவியள்."

இரண்டு பேரும் ஒரு பிளேட்டுக்கு இழுபறிப்பட்டோம். யார் தலையில் பழி விழுவது என்று சண்டை. வேறு யாரும் பார்த்திருந்தால் எங்களுக்கு விசர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். கடைசியில் என் பிடி வென்றது. மாமி குஞ்சின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஊசியைப் பள்ளத்துக்குள் விட்டு நூலை நெம்பினேன். குஞ்சு கத்திய கத்தலில் தாய்க்கோழி வேலிப்பக்கத்திலிருந்து ஓடிவந்தது. சாமிக்குக் கேட்கட்டும் என்று நான் உரக்கச் சொன்னேன், "முருகா, என்ரை தலையிலை." அதே நேரத்தில் மாமி என்னைவிட உரக்கக் கத்தினார், "என்ரை தலையிலை, முருகா, என்ரை தலையிலை!" நூல் அறுந்தது. சின்னச் சத்தம்கூட வரவில்லை.

காயத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்தோம். அறுந்த நூலை மாமி திருநீற்று ஓலைக் குட்டானுக்குள் வைத்து மூடினார். பிறகு இருவரும் விறாந்தையில் இருந்தோம். உலை வைக்கவில்லை. ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தோம்; என்ன என்று தெரியாமலே காத்திருந்தோம். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் என் உடம்பு தூக்கிப்போட்டது.

அப்படியே சில நாட்கள் போயின. ஒவ்வொரு நாளும் சந்திக்குப் போவோம், லொறிக்காரரின் முகத்தைப் பார்ப்போம், திரும்பி வருவோம். குஞ்சின் காலில் கொஞ்சம் சூடு வந்திருந்தது. சுருண்டு கிடந்த விரல்களில் ஒன்று அசைந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நானோ அதைப் பார்த்துப் பயந்தேன்: நூலை அறுத்ததால் இது பிழைக்கிறது என்றால் அதற்கு விலையாக அங்கே அவருக்கு என்ன நடக்கிறது? மாமிக்கும் அதே நினைப்புத்தான்.

பிறகு ஒருநாள் அக்கா தலைமுடி அவிழ ஓடிவந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. நான் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"திருக்கோணமலைப் பக்கம் கரை தட்டியிருக்கினமாம்! என்ரை மனுசனும் உன்ரை மனுசனும் உசிரோடை! ரெண்டு பேரும் அந்த வள்ளத்திலைதான் நிண்டிருக்கினம்!"

மாமி அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். நான் தூணை விட்டுவிட்டு வாசலோரத்தில் வாந்தி எடுத்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சந்தோசத்திலை சத்தி எடுக்கிறவளை இப்பதான் பாக்கிறன்," என்று சிரித்தாள். மாமி சிரிக்கவில்லை. எழும்பி என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"எப்ப பிள்ளை கடைசியா முழுகினனீ?"

யோசித்தேன். சித்திரைக்கு முந்தி. அந்தப் பதற்றத்தில் நான் நாளைக் கவனிக்கவே இல்லை. அயர்ச்சி, தலைச்சுற்று, சாப்பாடு செல்லாதது எல்லாவற்றையும் பயத்தின் கணக்கில் எழுதிவிட்டிருந்தேன். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது ஆனந்தம் இல்லை. குளிர்தான் வந்தது. என் தலையில் விழட்டும் என்று நான் சத்தம் போட்டுக் கேட்டிருக்கிறேன். அப்போது என்னிடம் இருந்தது ஒரு தலை மட்டும் இல்லை.

மாமிக்கும் அது அந்தக் கணத்திலேயே தோன்றியிருக்க வேண்டும். அக்கா போகும்வரை பொறுத்திருந்து சொன்னார்.

"நீ சொன்னது முருகனுக்குக் கேட்டிராது. உன்ரை கீச்சுக் குரல். நான்தான் பெலத்துச் சொன்னனான். என்ரைதான் கேட்டிருக்கும்."

இதை அவர் ஆனியிலும் சொன்னார், ஆடியிலும் சொன்னார். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்வது போல, இடையிடையே, காரணமில்லாமல் சொல்வார். ஆடியில் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது பாயில் படுத்துக்கொண்டு, ஏறக்குறையத் திருப்தியோடு, "பாத்தியோ, வந்திட்டுது," என்றார். நான் மல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். அவர் போய்விடுவாரோ என்று பயம். போகாவிட்டால் அந்தப் பழி பிள்ளைமேல் விழுமோ என்றும் பயம். காய்ச்சல் இரண்டொரு நாளில் விட்டது. மாமி எழும்பி, ஏமாந்துபோனவரைப் போல முற்றம் கூட்டினார்.

குஞ்சு தேறியது. முழுதாகத் தேறவில்லை. வலையிலிருந்து இறங்கி, சுவரோடு சாய்ந்து நின்று, பிறகு சுவரை விட்டு நடந்தது. நடையில் ஒரு சரிவு கடைசிவரை இருந்தது. வால் வளர்ந்தது, கழுத்துப் பொன்னிறமானது. முதன்முதலாகக் கூவ முயன்ற அன்று கழுத்தை நிமிர்த்திய வேகத்தில் நிலை தவறிப் பின்பக்கம் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தே மிச்சத்தைக் கூவி முடித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கரை தட்டியவர்கள் வீட்டுக்கு வராமல் வாடிக்கே திரும்பித் தொழில் செய்தார்கள். ஆவணியில்தான் என் கணவர் வந்தார். கறுத்து, மெலிந்து, உதடு வெடித்து, ஆனால் போன மாதிரி இரண்டு காலில் வந்து இறங்கினார். நூல் விஷயத்தை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார், சிரித்தால் எனக்குக் கோபம் வரும். சேவலைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது போதாதா?

"உதையோ எனக்கு நேர்ந்தது? இந்த ஆட்டக்காரனையோ?"

"நொண்டி எண்டு முருகன் கோவிப்பாரோ எண்டுதான் யோசிக்கிறன்," என்றார் மாமி.

"ஏன் கோவிக்கிறார்? ஏறி ஓட அவருக்கு மயில் நிக்குது. சேவல் கொடியிலைதானே இருக்கிறது? கொடியிலை இருக்கிறதுக்குக் கால் என்னத்துக்கு?"

திருவிழாவில் அவரே அதைக் கக்கத்தில் வைத்துத் தூக்கிவந்து கோயில் வீதியில் விட்டார். மாமி என் கையைப் பிடித்தார். சனத்தின் சத்தத்துக்கு நடுவில் அது நின்றது, சரிந்தது, விழவில்லை. மணலைக் கிளறிக்கொண்டு மற்றச் சேவல்கள் நின்ற பக்கம் போனது. "கடன் தீர்ந்துது," என்றார் மாமி. அவருடைய கை என் கையை விடவில்லை. தீர்ந்ததாக அவரும் நம்பவில்லை என்று எனக்கு விளங்கியது. அறுத்த நூலுக்கு இன்னும் யாரும் ஒன்றும் கொடுக்கவில்லையே.

அதன்பிறகு என் வயிறுதான் எனக்குப் பயம். அக்கா வந்து கை வைத்துப் பார்த்து, தன் பிள்ளைகள் வயிற்றுக்குள்ளேயே பந்தடித்த கதையைச் சொல்வாள். என் பிள்ளை உதைக்கவில்லை. புரளும், மெல்ல ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் சரியும். அவ்வளவுதான். சரிகிறது என்ற சொல்லை நான் யாரிடமும் சொல்லவில்லை. "பெட்டைப் பிள்ளையெண்டால் சாதுவா இருக்கும்," என்றாள் அக்கா. மாமி அப்போது வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டியதும் நான் கண்ணை மூடினால் வலைக்கண்ணுக்குள்ளால் தொங்கிய அந்தச் சுருண்ட விரல்கள்தான் வரும்.

தையில், வெயில் ஏறிய ஒரு முற்பகலில், வீட்டிலேயே பிள்ளை பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்டது. எனக்கு அது போதவில்லை. மருத்துவிச்சி துடைத்துத் துணியில் சுற்றி மாமியிடம் கொடுத்தார். மாமி முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கிய கையோடு பாயில் வைத்துத் துணியைக் கீழ்ப்பக்கமாக விலக்கினார். குளிர்ந்துவிடும், மூடுங்கோ என்று மருத்துவிச்சி ஏசினார். மாமி காதில் வாங்கவில்லை. இடக் காலைப் பிடித்தார். தொடையிலிருந்து பாதம்வரை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினார். பிறகு வலக் கால். உள்ளங்கால்களைத் தன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். நான் முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. மாமியின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு குலுங்கத் தொடங்கியது.

"என்ன மாமி?" என்றேன். மறுபடி கேட்டேன். "மாமி, என்ன?"

"உதைக்குது," என்றார். "ரெண்டு காலாலையும் உதைக்குது, பிள்ளை."

ஆணா பெண்ணா என்று நாங்கள் இருவரும் பார்க்கவே இல்லை. மருத்துவிச்சிதான் பிறகு சொன்னார்.